ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளும் பாராட்டு விழாக்களும்

சென்னையில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே ராஜா அண்ணாமலைபுரம் என்று ஒரு பகுதி இருப்பது தோழர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு பட்டம் உட்கார்ந்திருக்கிறது. சிதம்பரத்தில் சர்வகலாசாலை ஏற்படுத்திய அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-ம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் பரம்பரை பாத்தியமாய் "ராஜா" என்னும் பட்டத்தைக் கொடுத்தது. அவர் கொடுத்த பணத்தினால் ஏற்பட்ட கல்விச்சாலையில் ஆயிரம் ஆயிரமாய்ப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. நாம் சொல்ல வருவது பட்டம் என்னும் சரக்கைப் பற்றியேயாகும். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அந்த சர்க்கார் அள்ளி வழங்கியதற்கெல்லாம் அதற்கு ஆன செலவு ஒரு காகிதமும் ஒரு பதக்கமுமேயாகும். வாங்கினவரோ சாகும் வரையில் சர்க்காருக்கு விரோதமாய் வாய் திறக்கமாட்டார். இவ்வளவு மலிவான சம்பளம் உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கிறோம்.

வெள்ளைக்காரன் போன பிறகு, நமது அரசியல் சட்டத்தின் 18-வது விதி பட்டங்களை ஒழித்தது. பட்டம் ஒழிந்ததே ஒழிய, பட்டம் கொடுத்து ஆளை வாய் மூடச் செய்யும் வித்தை ஒழியவில்லை. அந்த வித்தை இன்று ஆஸ்பத்திரிகளில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியே இந்த வாரம் சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

அதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பசுமைவழிச் சாலை என்று பேர் பெற்ற ரோட்டில், 1981-ல் அண்ணா மேலாண்மை நிலையம் என்று ஏற்படுத்தப்பட்டு இப்போது அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி என்னும் பேரால் நடந்து வரும் ஸ்தாபனம் இருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அங்கே நிர்வாகம் கற்றுக்கொடுக்கப்படுகிறது. தலைமை வகிப்பது எப்படி, கீழே இருப்பவர்களை நடத்துவது எப்படி என்பவையெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் பாடமாய் நடக்கின்றன. இதை நாம் குற்றம் சொல்லவில்லை, வரவேற்கிறோம். ஏனென்றால், ஆளுகிற யோக்கியதை ஒரு ஜாதிக்குப் பிறவியில் வருவது என்றும், மற்றவர்களுக்கு ஏவின வேலையைச் செய்வதே தர்மம் என்றும் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ச் சொல்லி வந்தார்கள். தலைமை என்பது படித்து வருவது, பழகி வருவது என்று சர்க்காரே ஒரு கல்லூரி கட்டி ஒப்புக்கொண்டால் அது நமது கொள்கைக்குக் கிடைத்த வெற்றியல்லவா?

நமது கேள்வி வேறு. படித்து வருவதுதான் தலைமை என்றால் அந்தப் படிப்பு யாருக்குக் கிடைக்கிறது? படித்த பிறகு அந்தத் தலைமைக்கு நாற்காலி எங்கே? நாற்காலிக்குச் சம்பளம் எங்கே?

நிற்க. ஆஸ்பத்திரி என்பது என்ன என்பதை முதலில் யோசிப்போம். டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதிவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு ராத்திரி முழுவதும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் நர்சு. மூச்சு முட்டுகிறதா, இரத்தம் கசிகிறதா, டாக்டரை இப்போதே கூப்பிடலாமா, விடியட்டுமா என்று தீர்மானிக்கிறவர் அவர். அவர் தீர்மானம் தப்பினால் ஒரு உயிர் போகும். இதைவிடப் பெரிய தலைமை எந்தக் கலெக்டர் கச்சேரியில் இருக்கிறது? போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்சு இருக்கவேண்டும் என்பது இந்தியன் நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இந்த அளவு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை, பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்த எவரும் சொல்லுவார்கள். அவ்வளவு பேரையும் ஒரு பெண் தனியாய்ச் சமாளிக்கிறாள் என்றால், அவளுக்குத் தலைமை கற்றுக்கொடுக்க வருகிறவர்தான் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாட்டார் செய்யும் மரியாதை என்ன? வருஷத்துக்கு ஒரு தடவை மே மாதம் 12-ந் தேதி நர்சு தினம் வருகிறது. மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்; உறுதிமொழி எடுக்கிறார்கள்; பொன்னாடை போடுகிறார்கள். ஜூலை 1-ந் தேதி டாக்டர் தினம் வருகிறது, கேடயம் கொடுக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளிலோ "இம்மாதத்தின் சிறந்த ஊழியர்" என்று போட்டோ பிடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். நாம் ஒரு சமயம் சுற்றத்தார் ஒருவரைப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது சுவரில் மாட்டியிருந்த போட்டோவுக்கு உரிய பெண்ணே மருந்துத் தட்டோடு எதிரே வந்தாள். "உன் படம் நன்றாயிருக்கிறதே அம்மா" என்றோம். "படத்துக்கு லீவு உண்டு ஐயா, எனக்குத்தான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு மணி நேர வேலையில் அவளுக்கு அது பதினோராவது மணி நேரம் என்று பிறகு தெரிந்தது. நாம் பத்துப் பக்கம் எழுதுவதை அந்தப் பெண் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

பாராட்டே கூடாது என்பது நமது கட்சியல்ல. செய்த வேலையை நாலு பேர் அறியச் சொல்லுவது நியாயம்; சொல்லாதிருப்பதுதான் குற்றம். ஆனால் கொடுக்கவேண்டிய கூலிக்குப் பதிலாகப் பாராட்டைக் கொடுப்பது பாராட்டாகாது. கடன்காரன் கடனைத் திருப்பிக் கேட்கும்போது அவனுக்கு மாலை போட்டு அனுப்பினால் அதற்குப் பேர் மரியாதையா, மோசடியா?

இதற்கு 2020-ம் வருஷத்தைப் போன்ற உதாரணம் வேறு இல்லை. கொரோனா நோய் பரவிய அந்த வருஷம் மார்ச் மாதம் 22-ந் தேதி சாயங்காலம் 5 மணிக்கு, வைத்தியச் சிப்பந்திகளுக்கு நன்றி என்று தேசம் முழுவதும் கை தட்டினார்கள். தட்டையும் மணியையும் அடித்தார்கள். ஏப்ரல் 5-ந் தேதி ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கு ஏற்றினார்கள். மே மாதம் 3-ந் தேதி ஆகாயப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூமாரி பொழிந்தன, சென்னையிலும் பொழிந்தன. புராணத்தில்தான் தேவர்கள் பூமாரி பொழிவார்கள் என்று படித்திருந்தோம். அதை நம் கண்ணாலேயே பார்க்கவைத்து விட்டார்கள். சத்தத்தினால் கிருமி சாகும் என்றும், 9 என்னும் எண்ணில் சூட்சுமம் இருக்கிறது என்றும் படித்தவர்களே வியாக்கியானம் செய்ததையும் கேட்டோம்.

அந்தக் கைதட்டலுக்கு ஒரு மாதம் ஆவதற்குள் நடந்தது என்ன? ஏப்ரல் 19-ந் தேதி, கொரோனாவினால் இறந்துபோன ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க இதே சென்னையில் இடம் கொடாமல், உடலைக் கொண்டுபோனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்துத் துரத்தினார்கள். இறந்தவர் மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். புதைத்த உடலிலிருந்து காற்றிலே நோய் பரவும் என்னும் மூடநம்பிக்கை ஒரு பக்கம். பிணம் என்றால் தீட்டு என்னும் பழைய புத்தி மற்றொரு பக்கம். அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 22-ந் தேதி, வைத்தியச் சிப்பந்திகளைத் தாக்கிக் கொடுங்காயம் செய்தால் 7 வருஷம் வரையில் சிறை என்று மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் செய்தது. கைதட்டல் காப்பாற்றவில்லை, சட்டம்தான் வரவேண்டியிருந்தது. தோழர்கள் இந்த ஒரு விஷயத்தை மாத்திரம் நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பூமாரியின் கதையையும் கடைசி வரையில் பார்த்துவிடுவோம். கொரோனா காலத்தில் ஆள் போதாது என்று தமிழ்நாட்டில் அவசரமாய் நர்சுகளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தபோது அவர்கள் வார்டில் இருந்தார்கள். 2022-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுடைய ஒப்பந்தம் முடிந்தது, இனி நீடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தெருவில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்த பிறகு, ஜில்லா சுகாதார சங்கங்களின் மூலமாய் மறுபடியும் ஒப்பந்த வேலை கொடுப்பதாய் சர்க்கார் சொல்லிற்று. அதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் யுத்தத்துக்குப் போய் வந்த சிப்பாயை, யுத்தம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்று இப்படி வருஷக் கடைசியில் ஒரு உத்தரவினால் அனுப்புவார்களா என்று கேட்கிறோம். கொரோனா வேலையில் இறந்துபோனால் குடும்பத்துக்கு 50 லட்ச ரூபாய் என்று மத்திய சர்க்கார் ஒரு இன்ஷூரன்ஸ் திட்டம் செய்திருந்தது. நல்லதுதான். ஆனால் செத்தால் 50 லட்சம், பிழைத்திருந்தால் வேலை இல்லை என்றால், அவர்கள் பிழைத்ததே குற்றமாய்ப் போய்விட்டதல்லவா?

இது கொரோனாவோடு வந்த வியாதி என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். 2015-ம் வருஷத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தேர்ந்தெடுத்தது. பரீட்சையில் தேறி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் என்னும் பேரால் மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். அதே வார்டில் அதே வேலை செய்யும் நிரந்தர நர்சு வாங்குவதில் அது பாதி கூட இல்லை. 2 வருஷத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பியிருந்து, ஆகாமல் போகவே, 2017-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சென்னை தேனாம்பேட்டையில் வைத்திய இலாகாவின் தலைமைக் கச்சேரி வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். அதற்குப் பிறகே 7,700 என்பது 14,000 ஆயிற்று. பிறகு 18,000 ஆயிற்று. மெழுகுவர்த்தி ஏற்றின எந்த விழாவினாலாவது ஒரு ரூபாய் உயர்ந்ததுண்டா? உட்கார்ந்து கேட்டதினால் உயர்ந்தது.

இனி, இந்த அநியாயம் ஏன் இவ்வளவு சுலபமாய் நடக்கிறது என்பதற்கு வருவோம். இதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை மாத்திரம் அல்ல. இந்த நாட்டில் வேலைக்குக் கூலி என்னும் நியாயத்தைக் கெடுப்பதற்கென்றே சில புனித வார்த்தைகள் இருக்கின்றன. "சேவை" என்பது ஒன்று. "தியாகம்" என்பது ஒன்று. "தேவதை" என்பது ஒன்று. நர்சுகள் பெரும்பாலும் பெண்கள். பெண்ணைத் தெய்வம் என்று சொல்லுகிறவன் அவளுக்குச் சொத்துரிமை கொடுத்ததாய் நாம் கண்டதில்லை. பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் அது சட்டம் ஆக 1989 வரையில், அதாவது 60 வருஷம் ஆயிற்று. அந்த 60 வருஷமும் பெண்ணைத் "தாய்" என்றும் "சக்தி" என்றும் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். பெண்ணைத் தேவதை என்று சொல்லுவதில் ஒரு சௌகரியம் உண்டு. தேவதைக்குப் பசிக்காது; வாடகை கட்ட வேண்டியதில்லை; குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியதில்லை.

நர்சுகளுக்குக் குலதெய்வம் போல ஆக்கிவைத்திருக்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் விளக்கோடு நோயாளிகளுக்கு நடுவில் நடந்தார் என்ற படத்தைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் உண்மையில் என்ன செய்தார்? 1854-ல் கிரிமியா யுத்தத்தில், துருக்கி தேசத்து ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்கு 38 பெண்களோடு போனார். அங்கே பட்டாளத்தார் குண்டுக் காயத்தினால் செத்ததைவிடச் சாக்கடையினாலும் தொத்து வியாதியினாலும் அதிகமாய்ச் செத்தார்கள். 1855 மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் சாவு வேகமாய்க் குறைந்தது. ஊருக்குத் திரும்பிய அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. செத்தவர்களைக் கணக்கெடுத்து, எந்த மாதம் எந்தக் காரணத்தால் எத்தனை பேர் என்று வட்டப் படம் போட்டு மந்திரிகளின் முகத்துக்கு முன்னால் நீட்டினார். இந்தியாவுக்கு ஒரு நாளும் வராமலே, இந்தியப் பட்டாளத்துச் சுகாதாரத்தைப் பற்றிய 1863-ம் வருஷத்து ராயல் கமிஷன் அறிக்கைக்குக் கணக்குகளைச் சேகரித்து ஆராய்ந்தார். ஆகவே அவர் கையில் இருந்தது விளக்கு மாத்திரம் அல்ல. கணக்கு நோட்டும் இருந்தது. கணக்குக் கேட்ட பெண்ணை விளக்கு ஏந்திய தேவதையாக்கி, அவர் பிறந்த நாளிலேயே மற்ற நர்சுகளைக் கணக்குக் கேட்காதே, விளக்கை மாத்திரம் பிடி என்று சொல்லுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

அடுத்தபடியாக, சர்க்கார் சிப்பந்திகளின் பயிற்சிக்கு வைத்திருக்கும் பேரைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் மத்திய மந்திரி சபை ஒப்புக்கொண்ட பயிற்சித் திட்டத்துக்கு "கர்மயோகி" என்று பேர். பாடங்களில் உபயோகமானவை இருக்கலாம். அதைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. ஆனால் இந்தப் பேர் கீதையிலிருந்து வந்தது. பலனைக் கேளாமல் வேலையைச் செய்துகொண்டே இரு என்பதுதான் கர்மயோகத்தின் சாரம் என்று அதைப் பிரசங்கம் செய்கிறவர்களே சொல்லுகிறார்கள். வேலைக்காரனுக்குப் பலன் வேண்டாம் என்றால் அந்தப் பலன் எங்கே போகிறது? காற்றிலே கரைந்தா போகிறது? வேலை வாங்குகிறவனிடம் போகிறது. உபதேசம் செய்கிறவர்கள் யாராவது பலனை வேண்டாம் என்று சொல்லித் தங்கள் மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்ததுண்டா?

ஆயுத பூசை நாளில் ஆஸ்பத்திரிகளில் நடப்பதையும் தோழர்கள் பார்த்திருப்பார்கள். கத்தரிக்கோலுக்குச் சந்தனம், ஸ்டெதாஸ்கோப்புக்குக் குங்குமம், ஸ்ட்ரெச்சருக்கு வாழைக்கன்று, ஆம்புலன்ஸ் வண்டிக்குப் பூசணிக்காய். இரும்புக்கு இவ்வளவு மரியாதை! அந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவனுக்கோ பொரியும் கடலையும். துடைப்பத்துக்குப் பொட்டு வைக்கிறவர்கள் அந்தத் துடைப்பத்தைப் பிடிக்கிற கைக்கு ஒரு ஜோடி உறை வாங்கிக் கொடுத்தார்களா என்று எந்தப் பூசாரியாவது கேட்டானா?

துடைப்பம் என்றதும் மிக முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டோம். நர்சுக்காவது வருஷத்தில் ஒரு தினம் உண்டு. வார்டைக் கூட்டி, இரத்தத்தையும் மலத்தையும் கழுவுகிற தோழர்களுக்கு என்ன உண்டு? பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இன்று துப்புரவு வேலையும், காவல் வேலையும், நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையும் கான்டிராக்டரிடம் விடப்பட்டிருக்கின்றன. வேலை செய்கிறவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனுடைய எஜமானன் வேறெங்கோ இருக்கிறான். சம்பளம் குறைந்தது என்றால் ஆஸ்பத்திரித் தலைவர் கான்டிராக்டரைக் கேள் என்கிறார். கான்டிராக்டர் சர்க்காரைக் கேள் என்கிறார். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேரியில் இருந்த முறை கான்டிராக்ட் என்னும் பேரில் ஆஸ்பத்திரிக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்திய சர்க்கார் 2015-ம் வருஷத்தில் "காயகல்ப்" என்னும் பரிசுத் திட்டத்தை ஏற்படுத்திற்று. சுத்தமாய் இருக்கிற சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் பணப் பரிசு. அந்தப் பணத்தில் நூற்றுக்கு 75 பாகம் ஆஸ்பத்திரியின் அபிவிருத்திக்கும், 25 பாகம் சிப்பந்திகளுக்கு ஊக்கத் தொகையாகவும் போகவேண்டும் என்பது விதி. பாராட்டு என்றால் இப்படிக் கணக்கோடு இருப்பது நல்லது என்றே நாம் சொல்லுகிறோம். ஆனால் சுத்தத்துக்குப் பரிசு வாங்கும் ஆஸ்பத்திரியில் அந்தச் சுத்தத்தைச் செய்த கான்டிராக்ட் தோழர் மேடைக்குக் கூப்பிடப்பட்டாரா, அந்த 25 பாகத்தில் அவருக்குப் பங்கு கிடைத்ததா என்பதை ஒவ்வொரு ஊரிலும் நமது தோழர்கள் விசாரிக்க வேண்டும். கேட்கிறவன் இருந்தால்தான் கொடுக்கிறவன் பயப்படுவான்.

சரி, குறை சொன்னது போதும், தலைமைப் பயிற்சி என்றால் எப்படி இருக்கவேண்டும், அதைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். சொல்லுகிறோம். அதற்கு அயல் தேசம் போகவேண்டியதில்லை. இந்த மாகாணத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1939-ம் வருஷத்தில் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் ஏற்பட்டது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் செய்தது இந்த மாகாணமே முதலாகும். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இலாகா. அதற்கென்று தனிப் படிப்பு. அந்தப் படிப்புப் படித்த டாக்டர்கள் ஜில்லாச் சுகாதார அதிகாரிகளாய்ப் படிப்படியாய் உயர ஒரு ஏணி. இப்படி அமைப்பு இருந்தது. மற்ற மாகாணங்கள் பலவற்றில் இல்லாத இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து கடற்கரை ஊர்களெல்லாம் பாழானபோது, அதற்குப் பின் காலராவோ வேறு கொள்ளை நோயோ பெரிய அளவில் கிளம்பாமல் தடுத்தவர்கள் இப்படிப் பழகி வந்தவர்களேயாகும். இதுதான் தலைமைப் பயிற்சி. ஒருநாள் பிரசங்கமும், மத்தியானச் சாப்பாடும், சாயங்காலம் சான்றிதழுமாய் முடிகிற காரியமல்ல. படிப்பு, அதிகாரம், ஏணி, சம்பளம் நான்கும் சேர்ந்தால் தலைமை தானே வரும்.

நர்சுகள் விஷயத்திலும் அப்படியே. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை முறை வைத்து நிறுத்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்த பிறகு, கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு அங்கே வரத் தொடங்கினார்கள். நடுராத்திரியில் அந்தக் கட்டிடத்தில் தலைமை வகித்தது யார்? ஒப்பந்தத்தில் வந்த நர்சுதான். அவளைத் தலைவி என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலை மாத்திரம் தலைவி செய்யவேண்டிய வேலை.

உலக சுகாதார ஸ்தாபனம், நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, 2020-ம் வருஷத்தை நர்சுகள், மருத்துவச்சிகளின் ஆண்டு என்று அறிவித்தது. அதை முன்னிட்டு, வயதில் இளைய நர்சுகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுங்கள் என்று உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஒரு வேண்டுகோளும் போயிற்று. ஆக, நர்சு தலைமை வகிக்கத் தக்கவள் என்பதை உலகம் ஒப்புக்கொண்டாயிற்று. நமது நாட்டில் அதை ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

"சர்க்காரில் பணம் எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். பணம் இல்லை என்பது உண்மையானால் எல்லோருக்கும் சமமாய் இல்லை என்றிருக்க வேண்டும். மேலே நிரந்தரம், கீழே ஒப்பந்தம், அதற்கும் கீழே கான்டிராக்ட் என்று இருந்தால் அது பணப் பற்றாக்குறையல்ல, வருணாசிரமம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை அரசியல் சட்டத்தின் 39-வது விதி சொல்லுகிறது. தற்காலிகச் சிப்பந்தியானாலும் அதே வேலை செய்தால் அதே சம்பளம் கொடுக்கவேண்டும், குறைத்துக் கொடுப்பது அடிமைப்படுத்துவதாகும் என்று 2016-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் அதே வருஷத்தில், சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி ஏற்பட்ட கமிட்டி சிபார்சு செய்தது. 200 படுக்கைக்கு மேலிருந்தால் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்பது அதன் சிபார்சு. இந்தக் காகிதம் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்!

"வைத்தியம் புனிதமான தொழிலாயிற்றே, அதில் கூலிப் பேச்சு ஆகுமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். கோயில் குருக்களுக்குச் சம்பளமும் தட்சணையும் உண்டே, அது மாத்திரம் புனிதம் இல்லையா என்பதே அதற்கு நமது பதில்.

ஆகவே நாம் கேட்பதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். முதலாவது, ஒரே வார்டில் ஒரே வேலை செய்யும் நர்சுகளுக்குள் நிரந்தரம், ஒப்பந்தம் என்னும் பேதம் ஒழியவேண்டும். இரண்டாவது, துப்புரவுத் தோழர்களை ஆஸ்பத்திரியே நேராய் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நர்சுக்கும், துப்புரவுத் தோழருக்கும் மேலே படிக்கவும் மேலே உயரவும் ஏணி வைக்கவேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்துக் கல்லூரி போன்ற இடங்களின் கதவு அவர்களுக்கும் திறக்கவேண்டும். நான்காவது, ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டியில் அவர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி உட்காரவேண்டும். ஐந்தாவது, பரிசுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு போயிற்று என்னும் கணக்கை ஆஸ்பத்திரி வாசலில் எழுதி ஒட்டவேண்டும். இவ்வளவும் செய்த பிறகு பொன்னாடை போடட்டும்; நாமும் வந்து கை தட்டுகிறோம்.

ஆஸ்பத்திரித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைத் தேவதை என்று யாராவது சொன்னால், நாங்கள் மனுஷர்கள், எங்களுக்கு மனுஷர்களுக்கு உரியதைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நர்சு வேறு, தோட்டி வேறு என்று உங்களுக்குள்ளே பிரித்துப் பேசினால் இருவரையும் ஏமாற்றுவது மற்றவர்களுக்குச் சுலபமாகும்.

இதைப் படிக்கும் நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்காரைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நாமே, துப்புரவு செய்கிற அம்மாளை "ஏய், இங்கே வா" என்கிறோம். வயதில் மூத்தவரைக்கூட "நீ" என்கிறோம். அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நாம் எந்த முகத்தோடு சர்க்காரைக் கேட்பது? அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த அம்மாளின் பேரைக் கேளுங்கள். "வாங்க" என்று கூப்பிடுங்கள். சம்பளம் இந்த மாதம் வந்ததா என்று விசாரியுங்கள். வரவில்லையென்றால் உங்கள் ஊர்ச் சங்கத்தின் பேரால் ஆஸ்பத்திரி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பூமாரி பொழிய ஹெலிகாப்டர் வேண்டும். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.